சின்னப் பிள்ளைங்களோட கிறிஸ்துமஸ் பேப்பர் கிராஃப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தப்பு கடைக்குப் போறதுக்கு முன்னாடியே நடந்துடுது. மொபைல்ல அழகா ஒரு ஸ்டார் படம் வருது, அதையே நம்ம நாலு வயசுப் பிள்ளையை உக்கார வெச்சு செய்யச் சொல்றோம், அரை மணி நேரத்துல பிள்ளைக்கு அழுகை வருது நமக்குக் கோவம் வருது. அந்தப் படத்துல இருக்கறது எத்தன வயசுக்கான வேலைன்னு பாத்துட்டு ஆரம்பிங்க. ஜெர்மன்காரங்க நாலு பேப்பர் பட்டைய மடிச்சுப் பின்னி ஒரு குட்டி ஸ்டார் செய்வாங்க, அதுக்கு ஃப்ரோபெல் ஸ்டார்னு பேரு, கிண்டர்கார்டனைத் தொடங்கி வெச்சவரே அந்த ஃப்ரோபெல்தான், 1837ல. பேரைப் பாத்துட்டு எல்கேஜி பிள்ளைக்கு ஏத்ததுன்னு நெனச்சிடாதீங்க, பெரிய பசங்களுக்கே அது பொறுமையைச் சோதிக்கிற வேலை. அதே மாதிரி நாலாப்பக்கமும் கூம்பு கூம்பா நீட்டிக்கிட்டு உள்ள லைட் எரியுற ஸ்டார் இருக்கு பாருங்க, அது 1830கள்ல ஜெர்மனில நீஸ்கிங்கிற ஊர்ல மொரேவியன்ங்கிற கிறிஸ்தவ சபை நடத்துன ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு ஜியாமெட்ரி பாடமா வந்தது. பாடமா சொல்லிக்குடுக்கற அளவுக்குக் கணக்கு இருக்கற வேலைய மூணு வயசுக் குழந்தை எப்படி செய்யும்?

மூணு வயசுக் குழந்தைக்குக் கிழிக்க வரும், கசக்க வரும், ஒட்ட வரும், கத்திரி குடுத்தா ஓரத்துல நறுக் நறுக்குன்னு துணுக்கா வெட்டும். நாலு வயசுல நேர்கோட்டுல ஓரளவு வெட்டும். வளைவா, வட்டமா வெட்டறது அஞ்சு ஆறு வயசுலதான் கைக்கு வரும், அதுவும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அதனால மூணு வயசுக்குப் பச்சைக் காகிதத்தைக் கிழிச்சு முக்கோணத்துல ஒட்டி கிறிஸ்துமஸ் மரம் செய்யறதே நல்ல முழு வேலை. கிழிக்கிறதைக் கீழ்த்தரமா நெனைக்காதீங்க, விரலுக்கு அதுல வர்ற பலம்தான் பின்னாடி பென்சில் பிடிக்க உதவும்.

அடுத்தது எங்க ஏற்காட்டுக்கே உள்ள பிரச்சினை, ஈரம். சேலத்துல நாலு ரோடு பக்கம் கடையில வாங்குறப்ப மொறமொறன்னு இருக்கற சார்ட் பேப்பர், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேல வந்து ரெண்டு நாள் திறந்து கெடந்தா தொவண்டு போயிடும், ஏன்னா காத்துல இருக்கற ஈரத்தைக் காகிதம் இழுத்துக்கும், டிசம்பர்ல மூடுபனி வீட்டுக்குள்ளயே வந்துடுது. தொவண்ட காகிதத்துல மடிப்பு கூர்மையா விழாது, ஸ்டாரோட முனை தொங்கும், பிள்ளை தனக்குத்தான் வரலைன்னு நெனச்சுக்கும். வாங்குன கவர்லயே சுத்தி, மூடி இறுக்கமா இருக்கற டப்பாவுல போட்டு வைங்க, வேலை செய்யறப்ப மட்டும் எடுங்க. காயப் போடறதுக்கும் மத்தியானம் பதினோரு மணிக்கு மேல வெயில் வர்ற நேரம்தான் சரி, சாயங்காலம் ஒட்டுனா காலைலயும் பிசுபிசுன்னே இருக்கும், அதை அடுப்புகிட்ட காட்டிக் காயவைக்கிறது வேண்டவே வேண்டாம். கீழ சேலத்துல இருக்கறவங்களுக்கு வேற தொல்லை, ஃபேன் ஓடும், வெட்டி வெச்சதெல்லாம் பறக்கும், பிள்ளைங்க அதைத் துரத்திக்கிட்டு ஓடுனா வேலை அத்தோட முடிஞ்சுது. ஒட்டி முடிக்கிற வரைக்கும் ஃபேனை நிறுத்திடுங்க.

கிரேப் பேப்பரை வெளித் திண்ணையிலயோ வராண்டாவுலயோ தொங்க விடாதீங்க. பனி பட்டா அதுல உள்ள சாயம் எறங்கும், சிவப்பு எறங்கி வெள்ளைச் சுவத்துல கோடு கோடா நின்னுடும். ஈரக்கையோட பிள்ளைங்க தொட்டாலும் அதேதான்.

பசை விஷயம் கொஞ்சம் விரிவா சொல்லணும். பெவிகால் மாதிரி வெள்ளைப் பசையில தண்ணி அதிகம், மெல்லிசு காகிதத்துல பொளக்குன்னு ஊத்துனா காகிதம் அந்தப் பக்கம் மட்டும் விரிஞ்சு சுருண்டுக்கும், காஞ்ச பிறகும் அலை அலையா நிக்கும். பாட்டிலைப் பிள்ளை கையில குடுக்காம ஒரு மூடியில துளி ஊத்தி, பஞ்சு குச்சியாலயோ விரலாலயோ தடவச் சொல்லுங்க. மெல்லிசு வண்ணத்தாளுக்கு க்ளூ ஸ்டிக் நல்லது. நம்ம சேலத்துல இன்னொரு வசதி இருக்கு, கிழங்கு மாவு. சேகோ (ஜவ்வரிசி) ஃபாக்டரி இருக்கற ஊர்ல மரவள்ளி மாவுக்குப் பஞ்சமா? பெரிய ஸ்பூனால ஒரு ஸ்பூன் மாவை முதல்ல பச்சைத் தண்ணியில கட்டி இல்லாம கரைச்சுக்கிட்டு, மொத்தம் அரை டம்ளர் தண்ணி வர்ற மாதிரி சேத்து, சின்னத் தீயில கிளறிக்கிட்டே இருந்தா வெள்ளை போயி கண்ணாடியா மாறும், எறக்கி நல்லா ஆறவிடுங்க. இதுல ரெண்டு தப்பு அடிக்கடி நடக்குது. ஒண்ணு, மாவை நேரா கொதிக்கிற தண்ணியில கொட்டறது, உருண்டை உருண்டையா கட்டிக்கும். இன்னொண்ணு ஆபத்தானது: புத்தகம் பைண்டிங் பண்றவங்க பூச்சி வராம இருக்க பசையில மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவாங்க, அதைக் கேள்விப்பட்டு வீட்டுலயும் போடறாங்க. மயில்துத்தம் விஷம், வாயில விரல் வைக்கிற வயசுப் பிள்ளைங்க இருக்கற எடத்துல அது வரவே கூடாது. பசை ரெண்டு நாளுல புளிச்சா கொட்டிட்டு வேற கிண்டுங்க, மாவு என்ன வெலை வித்துடப் போகுது.

காகிதம் வாங்கறதுல எல்லாத்தையும் கெட்டி சார்ட்டா வாங்கிடறோம். கெட்டிக் காகிதம் பின்னணிக்கும் கார்டுக்கும் சரி, மடிக்கவும் வெட்டவும் சின்னக் கைக்குச் சரிப்படாது. மடிக்கிற வேலைக்கு ஜெராக்ஸ் பேப்பர் தடிமன்ல கலர் ஏ4 ஷீட் போதும். ஏ4 ஷீட்டு 21 சென்டிமீட்டருக்கு 29.7 சென்டிமீட்டர், மூலையை எடுத்து எதிர் ஓரத்துல மடிச்சா சதுரம் வந்துடும், மிச்சம் 8.7 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு துண்டு விழும். அந்தத் துண்டை எல்லாரும் குப்பையில போடறாங்க, போடாதீங்க. அதை நீளவாக்குல நாலா வெட்டுனா ரெண்டு சென்டிமீட்டர் சொச்சம் அகலத்துல நாலு பட்டை, ஆறு ஷீட்டுக்கு இருபத்தி நாலு பட்டை. வளையம் வளையமா கோத்து ஒட்டுனா டிசம்பர் 1லருந்து 24 வரைக்கும் தினம் ஒண்ணா கிழிச்சு நாள் எண்ணற சங்கிலி ரெடி, சதுரங்கள் ஸ்டாருக்கும் பனித்துகளுக்கும் ஆச்சு. சங்கிலி மூணு வயசுப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை, ஒவ்வொரு வளையமும் ஒட்டுற வரைக்கும் பத்து எண்ணி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க, எண்ணவும் பழகும் ஒட்டவும் செய்யும்.

பனித்துகள் வெட்டறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நெஜமான பனித்துகளுக்கு ஆறு கை, அதுக்காக ஆறா மடிக்கிற முறையில மடிச்சா பன்னெண்டு அடுக்கு வந்துடும், அதைப் பிளாஸ்டிக் பிடி போட்ட குட்டிக் கத்திரி வெட்டாது, பெரியவங்களுக்கே கை வலிக்கும். சின்னப் பிள்ளைக்கு நாலு அடுக்கோட நிறுத்திக்குங்க, நாலு கை பனித்துகளும் அழகாதான் இருக்கும். மடிப்பு இருக்கற ஓரத்துல கிரேயானால ஒரு கோடு போட்டு, 'இந்தக் கோட்டை முழுசா வெட்டிடாத கண்ணு, நடுவுல நடுவுல மட்டும் வெட்டு'ன்னு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லாட்டி விரிக்கறப்ப நாலு துண்டா கையில வந்துடும்.

கத்திரி சரியா வெட்டலைன்னா பிள்ளையைத் திட்டறதுக்கு முன்னாடி எந்தக் கையால வெட்டுதுன்னு பாருங்க. சாதாரணக் கத்திரியோட ரெண்டு வாயும் வலது கை அழுத்துற அழுத்தத்துல ஒண்ணோட ஒண்ணு உரசற மாதிரி அமைஞ்சது. இடது கையால பிடிச்சா வாய் ரெண்டும் விலகும், காகிதம் வெட்டாம நடுவுல மடிஞ்சு சிக்கிக்கும், போட்ட கோடும் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை மக்கு இல்ல, கருவிதான் பொருந்தலை. இடது கைக்குன்னே கத்திரி விக்குது, வாங்கிக் குடுங்க, கெடைக்கலைன்னா அந்தப் பிள்ளைக்குக் கிழிக்கிற வேலையும் மடிக்கிற வேலையும் குடுங்க, 'சோத்தாங்கையால பிடி'ன்னு கையை மாத்தி வைக்காதீங்க.

இதெல்லாத்தையும் விட என் மனசுக்குக் கஷ்டமா இருக்கறது ஒண்ணு இருக்கு. பிள்ளை கோணலா ஒட்டிட்டுப் போயி தூங்கிடும், அம்மாவோ சித்தியோ ராத்திரி உக்காந்து அதைப் பிரிச்சு நேரா ஒட்டி, எடுப்பா இருக்கட்டும்னு ஜிகினா வெச்சு முடிச்சுடுவாங்க, அன்பாதான் செய்யறாங்க, ஆனா காலைல எழுந்து பாக்கற பிள்ளைக்கு நாம செஞ்சது நல்லா இல்லன்னு சொல்லாமலே புரிஞ்சுடும், அதுக்கப்புறம் 'நீங்களே செஞ்சு குடுங்க'ன்னு நிக்கும். மூக்கு நெத்தியில இருந்தாலும் அது அந்தப் பிள்ளை செஞ்ச கிறிஸ்துமஸ் தாத்தா, அப்படியே இருக்கட்டும். உங்களுக்கு நேர்த்தியா ஒண்ணு செய்ய ஆசையா, பக்கத்துல உக்காந்து உங்களுக்குன்னு தனியா ஒண்ணு செய்யுங்க, பிள்ளை பாத்துப் பழகும். உதவி கேட்டா மட்டும் கை குடுங்க, அதுவும் மடிப்பை ஒரு வாட்டி உங்க காகிதத்துல காட்டிட்டு அவங்க காகிதத்தை அவங்க கையிலயே விட்டுடுங்க.

பாதுகாப்புன்னு வர்றப்ப, ஜிகினாத் தூளைச் சின்னப் பிள்ளைங்களுக்குத் தவிர்த்துடுங்க, கையில ஒட்டும், அதே கையால கண்ணைக் கசக்கும், கண்ணுல கீறிடும். மின்னணும்னா சாக்லேட் சுத்தி வர்ற தாளை நீவி வெட்டி ஒட்டலாம். குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் தரையில விழுந்தா கண்ணுக்குத் தெரியாது, வேண்டாம். மூணு வயசுக்குக் கீழ தங்கச்சி தம்பி வீட்டுல இருந்தா, சுமார் மூணு சென்டிமீட்டர் அகலக் குழாய்க்குள்ள நுழையற எந்தப் பொருளும், மணி, பட்டன், குட்டி பாம்பாம் (நூல் உருண்டை) எதுவும், தொண்டையில சிக்கலாம்னு வெச்சுக்குங்க.

இப்ப எல்லாரும் பேப்பர் விளக்குக்குள்ள எல்இடி குட்டி மெழுகுவத்தி வைக்கிறாங்க, அதுல பலதுல நாணயம் மாதிரி வட்ட பேட்டரி இருக்கு. அதை முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய் கடுமையா வெந்து போகலாம். இங்கருந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எறங்கவே எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். பேட்டரி மூடியில ஸ்க்ரூ இருக்கறதை மட்டும் வாங்குங்க, முழுங்கிடுச்சோன்னு சந்தேகம் வந்தாலே கெளம்பிடுங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. பெரிய ஸ்டாருக்குள்ள பழைய குண்டு பல்ப் மாட்டறதும் அப்படித்தான், அது இழுக்கற கரண்ட்ல பெரும்பகுதி சூடாத்தான் போகுது, காகிதம் கருகும். மூணு வாட் அஞ்சு வாட் எல்இடி போதும், அதுவும் காகிதத்துல ஒட்டாம நடுவுல தொங்கணும், ஒயர் ஜாயிண்ட் பனி படற எடத்துல திறந்து இருக்கக் கூடாது, அந்த வேலை பெரியவங்களோடது.

இயேசு பிறந்த குடில்ல வைக்கிற மலைக்கு சிமெண்ட் பை காகிதம் எடுத்து கசக்கற வழக்கம் பல வீட்டுல இருக்கு, பாறை மாதிரி நல்லாவே நிக்கும். ஆனா எவ்வளவு தட்டுனாலும் மடிப்புல சிமெண்ட் தூள் இருக்கும், அது தோலை அரிக்கும், மூச்சுல போகும். நோட்டுக்கு அட்டை போடற பிரவுன் ஷீட்டை நல்லா கசக்கி, விரிச்சு, மறுபடி கசக்கி, காப்பித்தூள் கரைச்ச தண்ணியில பஞ்சை நனைச்சு ஒத்தி எடுத்தா ஏற்காட்டுப் பாறையே வந்துடும், கசக்கற வேலை முழுக்கப் பிள்ளைங்களோடது.

எல்லாத்தையும் அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சு 23ஆம் தேதி ஒரே நாள்ல செய்யலாம்னு விடறது பெரும்பாலான வீட்டுல நடக்கறதுதான். முறுக்கு சுத்தணும், துணி தைக்கக் குடுத்தது வாங்கணும், அதுக்கு நடுவுல பிள்ளையை உக்கார வெச்சா யாருக்கும் பொறுமை இருக்காது. கிறிஸ்துமஸுக்குத் தயாராகற திருவருகைக் காலம் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவுல வர்ற ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்குது, நாலு ஞாயிறு இருக்கு, ஞாயித்துக்கு ஒண்ணுன்னு வெச்சுக்குங்க: முதல் வாரம் சங்கிலி, அப்புறம் கிழிச்சு ஒட்டற மரம், அப்புறம் பனித்துகள், கடைசியில குடில் பாறை. ஒரு தடவைக்கு நாலு வயசுப் பிள்ளை கால் மணி நேரம் உக்காந்தாலே அதிகம், எழுந்து போனா போகட்டும், பாதி ஒட்டுனது டப்பாவுல இருக்கும்.

ஜனவரி 6 மூணு ராஜாக்கள் திருநாள் முடிஞ்சு எறக்கி வைக்கறப்ப, கிழங்குப் பசையில ஒட்டுனதை அடுத்த வருஷத்துக்குன்னு பெட்டியில போட்டு வைக்காதீங்க, ராமபாணப் பூச்சி மாவு வாசனைக்கே வந்து அரிச்சுடும். வெச்சுக்கணும்னு பிள்ளை ஆசைப்படறதை ஆரம்பத்துலயே வெள்ளைப் பசையில ஒட்டுங்க, நல்லா காஞ்சதும் பின்னாடி பேரும் வயசும் எழுதி, தட்டையா ரெண்டு அட்டைக்கு நடுவுல வெச்சு மூடுங்க.