பெஞ்சில் உட்கார்ந்த என் எக்ஸெல் டீம்

முத்தியால்பேட்டையில் நாங்கள் எட்டுப் பேர் காசு கட்டாமல் ஃபேன்டசி பிரீமியர் லீக் ஆடுகிறோம். இங்கிலாந்து கால்பந்து லீக்கின் நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை டீம் அமைத்து, அவர்கள் ஆடுவதற்கு ஏற்பப் புள்ளி வாங்கும் ஆன்லைன் விளையாட்டு அது. 100 மில்லியன் கற்பனை பட்ஜெட்டில் 15 வீரர்களை எனக்கு எக்ஸெல்தான் எடுத்துக் கொடுக்கும். எடுத்தவர்களில் பாதிப் பேர் வாராவாரம் நிஜ ஆட்டத்தில் இறங்காமல் பெஞ்சில் இருந்தார்கள். "உன் கம்ப்யூட்டருக்கு பெஞ்சுதான் பிடிக்குமாடா மச்சான்?" என்று நண்பர்கள் ஓட்டினார்கள்.

எக்ஸெலில் ஒரு வரியை நோண்டியதும் புரிந்தது. கடைசி 15 நிமிடம் இறங்கி ஒரு கோல் போட்டவனை, 90 நிமிடத்துக்கு ஆறு கோல் போடுபவனாகக் கணக்கிட்டிருந்தது! சரி என்று, 450 நிமிடத்துக்குக் கீழே ஆடியவர்களை நீக்கினேன். அப்புறம் கடைசி ஐந்து ஆட்டங்களின் சராசரி நிமிடத்தை 90-ஆல் வகுத்து, புள்ளிக் கணிப்போடு பெருக்கினேன். பெஞ்சுத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

கேப்டனாக நாம் தேர்ந்தெடுக்கும் வீரருக்கு இரட்டைப் புள்ளி. அதில் மட்டும் எக்ஸெலை நம்ப இன்னும் மனசு வரவில்லை.