பக்கத்து வீட்டுச் சத்தம்: வீடு வாங்குறதுக்கு முன்னாடி நாம பண்ற தப்புங்க

ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குத்தான் நாங்க அந்த வீட்டைப் பாக்கப் போனோம். சிங்கப்பூர் செங்காங்ல ஒரு நாலறை வீடு, ஏழாவது மாடி, காத்து பிச்சிக்கிட்டு வருது, ஃபேன்கூட போட வேணாம், வீட்டுக்கார ஆன்ட்டி மைலோ கலக்கிக் குடுத்தாங்க, ஹால்ல ஒலி 96.8ல பழைய பாட்டு ஓடிட்டு இருந்துச்சு, என் வீட்டுக்காரர் கண்ணாலயே "இதான்"னு சொல்லிட்டாரு. சாவி வாங்கி குடிவந்த மூணாவது ராத்திரி 11.40க்கு மண்டைக்கு மேல டொக், டொக், டொக். யாரோ இடிகல்லுல சம்பால் இடிக்கிறாங்க. முக்கால் மணி நேரம்.

அதுக்கப்புறம் எங்க சொந்தத்துல யார் வீடு பாக்கப் போனாலும் என்னையும் இழுத்துட்டுப் போறாங்க. சுவத்துல விரிசல் இருக்கா, வாஸ்து சரியா இருக்கா எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க, என் வேலை சும்மா நின்னு காது குடுத்துக் கேக்கறது. அப்படிப் போய்ப் போய் நாம திரும்பத் திரும்பப் பண்ற தப்பு எதுன்னு ஓரளவுக்குப் பிடிபட்டுடுச்சு.

மொதல் தப்பு, விக்கிறவங்க சொல்ற நேரத்துக்கு மட்டும் போறது. அவங்க வீடு எப்ப அமைதியா இருக்கும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். நாங்க போனப்ப ரேடியோ ஓடினது சும்மா இல்லன்னு இப்ப தோணுது, பாவம் அந்த ஆன்ட்டி அப்படி யோசிச்சாங்களான்னு தெரியாது, ஆனா நான் இப்பல்லாம் உள்ள போனதும் "ரேடியோ, டிவி, ஏர்கான் எல்லாத்தையும் அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணலாமா"ன்னு கேட்டுடுவேன். எல்லா ரூமுக்கும் போய்க் கதவைச் சாத்தி நின்னு பாப்போம், மொதல்ல ஜன்னல் மூடி, அப்புறம் திறந்து. அதுக்கப்புறம் ஏஜண்ட் இல்லாம தனியா ஒரு வாரநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி பத்தரைக்கு ஒரு தடவை. வீட்டுக்குள்ள விட மாட்டாங்கதான், ஆனா புளோக்குக்குக் கீழ போறதுக்கு யாரைக் கேக்கணும்? காப்பிக்கடையில ஒரு தே ஓ வாங்கிட்டு வந்து வாய்ட் டெக்ல (புளோக்குக்கு அடியில இருக்கிற திறந்த தளம்) உக்காந்தா போதும், பந்து உதைக்கிற பசங்க, சத்தமா பேசற கூட்டம், லிஃப்ட் கதவு டிங் டிங், எல்லாம் தானா தெரிஞ்சிடும். மேல ஏறி அந்த மாடி காரிடார்ல ஒரு நடை நடந்துட்டு வாங்க. வாசல்ல கிடக்கிற செருப்பையும் எண்ணிப் பாருங்க, ஒரு மூணறை வீட்டு வாசல்ல பதினஞ்சு ஜோடி கிடந்தா உள்ள ஷிஃப்ட்டுக்குப் போற ஆளுங்க நிறைய இருக்காங்கன்னு அர்த்தம், அவங்க வந்துபோற நேரம் நீங்க தூங்கற நேரமா இருக்கலாம்.

ரெண்டாவது தப்புதான் எனக்கு வெக்கமான கதை. சத்தம் மேல இருந்து வந்தா மேல்வீடுதான்னு நாமளே முடிவு கட்டிடறோம். ஒரு வாரம் பல்லைக் கடிச்சிட்டு இருந்துட்டு, ஒரு டப்பா முறுக்கோட எட்டாவது மாடிக்குப் போனேன், அங்க ஒரு சீனப் பாட்டியும் தாத்தாவும் மட்டும்தான், பாட்டிக்கு மூட்டு வலி, அவங்களே வாக்கர் வெச்சு நடக்கறாங்க. நான் உடைஞ்ச மேண்டரின்லயும் கையாலயும் இடிச்சுக் காட்டினதும் பாட்டி என் கையைப் பிடிச்சு "எங்களுக்கும் கேக்குது"ன்னு மேல காட்டினாங்க. கடைசில பாத்தா ஒம்பதாவது மாடியில, அதுவும் பக்கத்து வரிசை வீடு! கான்கிரீட் அப்படித்தான், தரையில விழற இடி சுவர், தூண் வழியா ஓடி எங்கெங்கயோ வந்து எறங்கும், காதுக்கு எல்லாமே நேர் மேல இருந்து வர்ற மாதிரிதான் இருக்கும். ராத்திரி கூரைக்கு மேல கோலிக்குண்டு உருள்ற சத்தம்னு சிங்கப்பூர்ல பாதிப் பேர் சொல்வாங்களே, சில பேர் பேய்னுகூட சொல்வாங்க, அதுக்குச் சொல்ற ஒரு காரணம் பைப்பு, உள்ள ஓடற தண்ணி திடீர்னு நிக்கிறப்ப அந்த அழுத்தம் பைப்பைத் தட்டும். அதனால வீடு வாங்கறதுக்கு முன்னாடி நேர் மேல் வீட்டை மட்டும் பாத்து "வயசானவங்கதான், தப்பிச்சோம்"னு சந்தோஷப்படாதீங்க.

கேள்வியையும் நாம தப்பாத்தான் கேக்கறோம். "இங்க சத்தம் இருக்குமா"ன்னு கேட்டா "இல்லையே, ரொம்ப அமைதி"ன்னுதான் பதில் வரும், வேற என்ன சொல்வாங்க. நான் கேக்கறது "நீங்க எந்த ரூம்ல தூங்குறீங்க?" போன வருஷம் ஈசூன்ல ஒரு வீடு பாத்தோம், மாஸ்டர் பெட்ரூம்ல அட்டைப்பெட்டியும் சைக்கிளும் கிடக்குது, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சின்ன ரூம்ல மெத்தை போட்டுப் படுத்திருக்காங்க. ஏன்னு கேட்டேன். அந்தக்கா ஏஜண்ட் முகத்தைப் பாத்தாங்க. அவ்வளவுதான், அதுக்கு மேல எதுவும் கேக்கல, கும்பிட்டுட்டு வந்துட்டோம். இன்னொண்ணு, பக்கத்து வீட்டுக்காரங்க மேல எப்பவாச்சும் புளோக்கைப் பராமரிக்கிற டவுன் கவுன்சில்லயோ போலீஸ்லயோ புகார் குடுத்திருக்கீங்களான்னு நேரடியாவே கேளுங்க, வாட்சப்ல கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க, ஏன்னா வாயால மழுப்புறவங்ககூட எழுத்துல பச்சைப்பொய் சொல்ல யோசிப்பாங்க. விக்கிறவங்களோட ஏஜண்ட் அவங்களுக்குத்தான் வேலை பாக்கறாரு, ஒரே ஏஜண்ட் ரெண்டு பக்கத்துக்கும் நிக்கிறதுக்கு இங்க சட்டத்துலயே இடமில்ல, அவர்கிட்ட போய் "அண்ணே நீங்களே சொல்லுங்க"ன்னு கேக்கறதுல என்ன பிரயோஜனம்? கீழ்வீட்டு ஆளுகிட்ட கேளுங்க. நீங்க பாக்கற வீட்டுக்கு மேல என்ன நடக்குதுன்னு அவங்களுக்கும் பாதி தெரியும், விக்கணும்கிற அவசரமும் அவங்களுக்குக் கிடையாது.

ஆளை வெச்சு முடிவெடுக்கிறதும் தப்புதான், இதுல நம்ம ஆளுங்க கில்லாடி. இந்த இனம் சத்தம் போடும், அந்த இனம் அமைதி, குழந்தை இருந்தா வேணாம், இப்படி. ஏங்க, ஆளுங்க மாறிட்டே இருப்பாங்க, வாடகைக்கு இருக்கறவங்க அடுத்த வருஷமே போயிடலாம், குழந்தை வளந்து தேசிய சேவைக்கு (என்எஸ்) போயிடும். மாறாதது என்னன்னு பாருங்க. குப்பைத் தொட்டிக் குழாய் உங்க சமையலறைச் சுவர்ல இருக்கா, லிஃப்ட் பெட்ரூமை ஒட்டி இருக்கா, கீழ பந்து விளையாடற கோர்ட் எந்தப் பக்கம், ஏன்னா சீனங்களோட ஏழாம் மாச கெத்தாயும் (மேடைப் பாட்டுக் கச்சேரி) அங்கதான் கூடாரம் போடும். வாய்ட் டெக்ல கல்யாணம், துக்கம் ரெண்டும் நடக்கும், அது எங்க வாங்கினாலும் உண்டு, அதைப் பொறுத்துக்கத்தான் வேணும். ஈசூன், சுவா சூ காங் பக்கம் எம்ஆர்டி மேல்பாலத்துல ஓடுது, விடியகாலைல மொத ரயிலே அலாரம். ஹவ்காங் பக்கம் பாய லேபார் விமானத்தளத்து ஜெட்டு பறக்கும், அந்தத் தளத்தை 2030க்கு அப்புறமாத்தான் காலி பண்றாங்க. எதுத்தாப்ல காலி நிலம், பச்சைப்பசேல்னு புல்லு, "ஆஹா வியூ"ன்னு ஏஜண்ட் சொல்வாரு, நிலத் திட்டம் போடற யுஆர்ஏவோட வெப்சைட்ல மாஸ்டர் பிளான் இலவசமா இருக்கு, அதுல அந்த நிலத்துக்கு என்ன கலர்னு பாருங்க. குடியிருப்புன்னு போட்டிருந்தா ஒருநாள் அங்க அஸ்திவாரத்தூண் இறக்கற பைலிங் மெஷின் வரும்.

ரெனவேஷனை யாருமே யோசிக்கிறதில்ல. புளோக்கு இப்பத்தான் அஞ்சு வருஷம் முடிச்சிருக்குன்னா, அப்பத்தான் விக்க முடியும்கிறதால நிறைய பேர் விப்பாங்க, புதுசா வர்ற ஒவ்வொருத்தரும் டைல்ஸ் உடைப்பாங்க. உடைக்கிற வேலை வாரநாள்ல காலை 9லேருந்து சாயங்காலம் 5 வரைக்கும்தான் பண்ணலாம்னு அரசாங்க வீடு கட்டற எச்டிபியோட விதி, சனி ஞாயிறு கூடாது, ஆனா வீட்டுல இருந்து வேலை பாக்கறவங்களுக்கும் நைட் ஷிஃப்ட்காரங்களுக்கும் அந்த நேரம்தானே முக்கியம். 1997க்குள்ள கட்டின பழைய புளோக்குன்னா மேம்பாட்டுத் திட்டம் வந்துபோயாச்சா, இனிமேதான் வருதான்னு கேட்டுக்கோங்க, வந்தா வீடு வீடா டாய்லெட் உடைப்பாங்க.

சரி, வாங்கிட்டு அப்புறம் புகார் குடுத்துக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். ராத்திரி 10.30லேருந்து காலை 7 வரை அமைதி நேரம்னு ஒண்ணு இருக்கு, 2022ல அமைச்ச ஒரு ஆலோசனைக் குழு அதை 10லேருந்து 8ன்னு நீட்டச் சொல்லிச்சு. சமூக சமரச நிலையம் 1998லேருந்து இருக்கு. 2015லேருந்து சிடிஆர்டின்னு அக்கம்பக்கத்துச் சண்டைக்கு ஒரு டிரிபியூனல் இருக்கு, 20,000 வெள்ளி (டாலர்) வரைக்கும் நஷ்டஈடு கேக்கலாம். தெம்பனிஸ்ல 2025ல ஒரு தனிப் பிரிவை சோதனையா ஆரம்பிச்சாங்க, ரொம்ப மோசமான கேஸுக்கு மட்டும். எல்லாம் இருக்குதான், ஆனா அதுக்கு நீங்க மாசக்கணக்கா தேதி, மணி எழுதி வெச்சு, ரெக்கார்ட் பண்ணி, லீவு போட்டு அலையணும், அதுவரைக்கும் லிஃப்ட்ல தினமும் அவங்க மூஞ்சியில முழிக்கணும். வித்துட்டு ஓடலாம்னா எச்டிபி வீட்டுல பொதுவா அஞ்சு வருஷம் இருந்தாகணும், நல்ல இடத்துல கட்டற பிளஸ், பிரைம் வகைன்னா பத்து. 600,000 வெள்ளி வீட்டுக்கு வாங்கறப்பவே முத்திரைத் தீர்வை 12,600, அது திரும்பி வராது. ரெட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டா ரோட்டுச் சத்தம் குறையும், ஆனா மேலருந்து இடிக்கிறது கூரை வழியா வருது, ஜன்னல் என்ன பண்ணும்?

இதுல யாரும் பெருசா பயன்படுத்தாத ஒரு வழி இருக்கு. ரீசேல்ல, அதாவது ஏற்கனவே ஒருத்தர் இருக்கற எச்டிபி வீட்டை வாங்கறப்ப, வீட்டை நமக்குன்னு பிடிச்சு வெக்கக் குடுக்கற ஆப்ஷன் கட்டணம் 1 வெள்ளியிலேருந்து 1,000 வரைக்கும்தான், அதைக் குடுத்ததுலேருந்து உங்களுக்கு 21 நாள் இருக்கு. அந்த 21 நாளை எல்லாரும் லோனுக்கும் பேப்பருக்கும் செலவு பண்றாங்க. நான் சொல்றது, அந்த மூணு வாரத்துல நாலு ராத்திரி போய்க் கீழ உக்காருங்க. பிடிக்கலன்னா கையெழுத்துப் போடாம விட்டுடலாம், போறது அதிகபட்சம் 1,000 வெள்ளி. வலிக்கும்தான், ஆனா அஞ்சு வருஷத் தூக்கத்துக்கு அது ஒண்ணுமே இல்ல. தனியார் காண்டோவுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அங்க பொதுவா விலையில 1 சதவீதம், 15 லட்சம் வெள்ளி வீடுன்னா 15,000 போயிடும், அதனால காண்டோன்னா காதுவேலை எல்லாம் செக் எழுதறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும்.

நம்ம காதும் எப்படிப்பட்டதுன்னு யோசிக்கணும், இல்லையா. என் வீட்டுக்காரர் அந்த டொக் டொக்ல குறட்டை விட்டுத் தூங்குவாரு, நான் கொசு பறந்தா எழுந்திருப்பேன். காலை அஞ்சரைக்கு நான் சட்னி அரைக்கிற மிக்சி கீழ்வீட்டுக்கு எப்படிக் கேக்கும்னு எனக்குத் தோணவே ஒரு வருஷம் ஆச்சு, இப்ப ராத்திரியே அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சிடறேன், எட்டரைக்குள்ள.

போன மாசம் சின்னம்மா பொண்ணுக்காக உட்லண்ட்ஸ்ல ஒரு வீடு. மூணு தடவை போனோம். பக்கத்து வீட்டுல ஒரு பையன் மிருதங்கம் கத்துக்கிறான், சுவத்துல காதை வெச்சா தகதிமி தெளிவா கேக்குது. நானே போய்க் கதவைத் தட்டி அவங்கம்மாகிட்ட பேசினேன், "ஆறுலேருந்து ஏழு வரைக்கும்தான்க்கா, அப்புறம் டியூஷன் போயிடுவான்"னாங்க. மூணு நாளும் ஏழு மணிக்கு டான்னு நின்னுச்சு. பத்தரைக்கு அந்த மாடியே அடங்கிப்போச்சு, மூலை வீட்டு வாசல்ல ஒரு பூனை மட்டும் உக்காந்திருந்துச்சு. அவ மறுநாளே ஆப்ஷன் போட்டுட்டா.