பென்சிலால் ஒரு ஹார்மோனை வெட்டிப் பார்ப்போம்: முன்னோடிப் புரதத்திலிருந்து செயல்படும் பெப்டைடு வரை

ஆக்சிடோசின் ஹார்மோனில் இருப்பவை 9 அமினோ அமிலங்கள்தான். ஆனால் மனித செல் அதை ஒன்பதாகக் கோப்பதில்லை. 125 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலியைக் கட்டி, அதிலிருந்து அந்த ஒன்பதை வெட்டி எடுக்கிறது. பெப்டைடு ஹார்மோன்கள், அதாவது அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலிகளாலான ஹார்மோன்கள், பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. வெட்டும் நொதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்தால் நான்கு நாளில் மறந்துவிடும். தாளில் நாமே ஒருமுறை வெட்டிப் பார்த்தால் மறக்காது. ஒரு தாள், ஒரு பென்சில், ஓர் அழிப்பான் போதும்.

சங்கிலியின் தொடக்கத்தில் இருக்கும் சமிக்ஞைப் பெப்டைடை (முதல் படியில் பார்ப்போம்) விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் பகுதியை இப்படி எண்ணிட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

1 சிஸ்டீன், 2 டைரோசின், 3 ஐசோலியூசின், 4 குளூட்டமின், 5 அஸ்பராஜின், 6 சிஸ்டீன், 7 புரோலின், 8 லியூசின், 9 கிளைசின், 10 கிளைசின், 11 லைசின், 12 ஆர்ஜினின், 13 அலனின்…

13 முதல் நீள்வது நியூரோபைசின் என்ற துணைப் புரதம். நமக்கு வேண்டிய ஆக்சிடோசின் 1 முதல் 9 வரை.

முதல் படி: முகவரிச் சீட்டைக் கிழிப்பது

சங்கிலியின் தொடக்கத்தில் 19 அமினோ அமிலங்கள் கொண்ட சமிக்ஞைப் பெப்டைடு ஒட்டியிருக்கும். 'இந்தப் புரதம் வெளியே சுரக்க வேண்டியது' என்று சொல்லி, செல்லுக்குள் புரதங்கள் மடியும் அறையான எண்டோபிளாச வலைக்குள் அதை நுழைப்பதே இதன் வேலை. சங்கிலி இன்னும் கட்டப்பட்டுக் கொண்டிருக்கும்போதே சிக்னல் பெப்டிடேஸ் என்ற நொதி இதை வெட்டிவிடும். நாம் பட்டியலை அதற்கு அடுத்து தொடங்கியது அதனால்தான்.

இரண்டாம் படி: வெட்டும் முன் மடிப்பது

தொடக்கத்தில் பலர் தாண்டிப் போகும் படி இது. ஒன்றாம் சிஸ்டீனையும் ஆறாம் சிஸ்டீனையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அது டைசல்ஃபைடு பிணைப்பு: இரு சிஸ்டீன்களின் கந்தக அணுக்கள் கைகோப்பது. வெட்டு விழும் முன்பே, எண்டோபிளாச வலையில் இந்தப் பிணைப்பு அமைந்துவிடுகிறது.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதை இன்சுலினில் பார்க்கலாம். இன்சுலினில் ஏ, பி என இரண்டு சங்கிலிகள். ஆனால் கணையத்தின் பீட்டா செல்லில் முதலில் உருவாகும் ஒற்றைச் சங்கிலியில் 110 அமினோ அமிலங்கள். சமிக்ஞைப் பெப்டைடின் 24 போனால் மிஞ்சும் 86 தான் புரோஇன்சுலின். அதில் பி சங்கிலி 30, அடுத்து இரண்டு ஆர்ஜினின், சி-பெப்டைடு 31, அடுத்து லைசின்-ஆர்ஜினின், கடைசியில் ஏ சங்கிலி 21. கூட்டிப் பாருங்கள், 86 வரும். ஏ, பி சங்கிலிகளைத் தனித்தனியே ஆய்வகத்தில் கலந்தால் சரியான சிஸ்டீன்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிப்பது கடினம். நடுவில் சி-பெப்டைடு பாலமாக நிற்கும்போது சரியான ஜோடிகள் அருகருகே வந்துவிடும். பிணைப்புகள் அமைந்த பிறகு பாலத்தை வெட்டி எடுத்தாலும் சங்கிலிகள் பிரியாது. இன்சுலின் ஒற்றைச் சங்கிலியாகத்தான் பிறக்கிறது என்பதை 1967-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்டெய்னர் காட்டினார். உயிர்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று.

வெட்டி எடுத்த சி-பெப்டைடும் வீணாவதில்லை. இன்சுலினோடு சம எண்ணிக்கையில் இரத்தத்துக்கு வருவதால், ஒருவரின் உடலே இன்சுலின் சுரக்கிறதா என்று அறிய மருத்துவர்கள் அதை அளக்கிறார்கள். ஊசி மருந்தாகப் போடும் இன்சுலினில் சி-பெப்டைடு இருக்காது.

மூன்றாம் படி: இரட்டைக் காரங்களைத் தேடுவது

ஆக்சிடோசினுக்குத் திரும்புவோம். லைசினும் ஆர்ஜினினும் காரத்தன்மை உள்ளவை. இவை இரண்டு அடுத்தடுத்து வரும் இடங்களே வெட்டுக் குறிகள்: லைசின்-ஆர்ஜினின், ஆர்ஜினின்-ஆர்ஜினின் போன்றவை. நம் பட்டியலில் 11, 12. அங்கே வட்டமிடுங்கள்.

வட்டமிட்டதும் பென்சில் ஜோடியின் நடுவிலோ அதற்கு முன்போ போகத் துடிக்கும். அது தவறு. ஜோடி முடிந்த பிறகே, அதாவது 12-க்கும் 13-க்கும் இடையில்தான் வெட்டு. வெட்டுபவை புரோஹார்மோன் கன்வெர்டேஸ்கள். ஹார்மோன் சுரக்கும் செல்களில் முக்கியமானவை சுருக்கமாக பிசி 1/3, பிசி 2 எனப்படும் இரண்டும். கால்சியமும் அமிலச் சூழலும் இருந்தால்தான் இவை நன்றாக வேலை செய்யும். முதிர்ந்த சுரப்புப் பைகளுக்குள் அமில-கார எண் (pH) ஏறத்தாழ 5.5. ஆக்சிடோசினைப் பொறுத்தவரை, ஹைப்போதலாமஸில் கிளம்பிய பைகள் நரம்பிழை வழியே பிட்யூட்டரியின் பின்மடலுக்குப் பயணிக்கும்போதே இந்த வேலை நடக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: இந்தக் கன்வெர்டேஸ்களே முடங்கிய முன்வடிவில்தான் பிறக்கின்றன. தங்கள் முன்பகுதியைத் தாங்களே வெட்டிய பிறகுதான் விழிக்கின்றன.

நான்காம் படி: வாலைச் சீவுவது

இப்போது கையில் 1 முதல் 12 வரை இருக்கிறது. வாலில் தொங்கும் 12-ஐயும் 11-ஐயும் ஒவ்வொன்றாக அழியுங்கள். செல்லில் இதைச் செய்வது கார்பாக்சிபெப்டிடேஸ் ஈ. வால் நுனியில் காரம் இருக்கும்வரை கடித்துக்கொண்டே போகும், தீர்ந்ததும் நிற்கும்.

ஐந்தாம் படி: நுனியில் கிளைசின் இருக்கிறதா?

மிஞ்சியது 1 முதல் 10 வரை. கடைசியில் கிளைசின் இருந்தால் இன்னும் ஒரு வேலை பாக்கி. பிஏஎம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதி அந்தப் பத்தாம் கிளைசினைப் பிடித்து, அதன் நைட்ரஜனை மட்டும் ஒன்பதாவதில் விட்டுவிட்டு மீதியைக் கழற்றிவிடும். நுனி இப்போது அமைடு, அதாவது அந்த நைட்ரஜன் ஒட்டிய நுனி, ஆகிவிட்டது. 9-ம் கிளைசின், 10-ம் கிளைசின் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ஒன்பதாவது ஹார்மோனின் உறுப்பு, பத்தாவது நைட்ரஜனைத் தந்துவிட்டுப் போவது. இந்த நொதிக்குத் தாமிரம், ஆக்சிஜன், வைட்டமின் சி மூன்றும் தேவை. பல ஹார்மோன்கள் தங்களைப் பிடிக்கும் செல்புரதமான ஏற்பியோடு சரியாகப் பொருந்த இந்தச் சிறு அமைடு நுனி அவசியம்.

ஆக்சிடோசின் தயார்.

ஆறாம் படி: எந்தச் செல் என்று கேட்பது

இதுவரை செய்ததை வைத்து, வரிசை தெரிந்தால் ஹார்மோன் தெரிந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பிஓஎம்சி என்ற முன்னோடிப் புரதத்தின் நடுப்பகுதியை எழுதிப் பாருங்கள்:

செரின், டைரோசின், செரின், மெத்தியோனின், குளூட்டமிக் அமிலம், ஹிஸ்டிடின், ஃபீனைலலனின், ஆர்ஜினின், டிரிப்டோஃபான், கிளைசின், லைசின், புரோலின், வேலின், கிளைசின், லைசின், லைசின், ஆர்ஜினின், ஆர்ஜினின்…

எட்டாவதாகத் தனி ஆர்ஜினின், பதினொன்றாவதாகத் தனி லைசின். ஜோடி இல்லாததால் தொடாதீர்கள். 15 முதல் 18 வரை நான்கு காரங்கள் வரிசையாக நிற்கின்றன. கண்ணைப் பறிக்கும் வெட்டுக் குறி. ஆனால் பிட்யூட்டரி முன்மடலில் பிஓஎம்சி சுரக்கும் செல்களில் இருப்பது பெரும்பாலும் பிசி 1/3. அது இந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவதால் 39 அமினோ அமிலங்களும் முழுதாக வெளிவரும். அதுவே அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஎச். ஹைப்போதலாமஸ் நரம்புச் செல்களில் பிசி 2-ம் இருக்கிறது. அது அந்தக் காரக் கொத்தில் வெட்டும், கார்பாக்சிபெப்டிடேஸ் ஈ காரங்களைச் சீவும், பிஏஎம் 14-ம் கிளைசினின் நைட்ரஜனை மட்டும் விட்டு 13-ம் வேலினை அமைடாக்கும், முதல் செரினில் ஓர் அசிட்டைல் குழுவும் ஒட்டும். கிடைப்பது 13 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா-எம்எஸ்எச். பசியை அடக்கும் சமிக்ஞை அது. மரபணு ஒன்று, புரதம் ஒன்று. கத்தரிக்கோல் மாறியதால் ஹார்மோன் மாறியது.

குளுக்ககானும் அப்படியே. கணையத்தின் ஆல்ஃபா செல்லில் பிசி 2 இருப்பதால் புரோகுளுக்ககானிலிருந்து குளுக்ககான் வருகிறது. குடலின் எல் செல்லில் பிசி 1/3 இருப்பதால் அதே புரதத்திலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் வருகிறது. ஒன்று இரத்தச் சர்க்கரையை ஏற்றும், மற்றது இன்சுலின் சுரப்பைத் தூண்டும்.

பிசி 1/3-ன் மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் அரிதாக உண்டு. கடும் வயிற்றுப்போக்கு, சிறு வயதிலேயே மிகுந்த உடல் பருமன், இரத்தத்தில் வெட்டப்படாத புரோஇன்சுலின் மிகுதி என ஒரே நொதியின் குறை பல உறுப்புகளில் தெரியும். தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் இந்தக் குறிகள், ஆறாம் படியைச் செய்து பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

நீங்களே ஒன்று

இந்தத் துண்டை வெட்டிப் பாருங்கள்: லைசின், ஆர்ஜினின், குளூட்டமின், ஹிஸ்டிடின், புரோலின், கிளைசின், லைசின், ஆர்ஜினின்.

முதல் ஜோடிக்குப் பின் ஒரு வெட்டு, இரண்டாம் ஜோடிக்குப் பின் ஒரு வெட்டு. வாலைச் சீவினால் குளூட்டமின், ஹிஸ்டிடின், புரோலின், கிளைசின் மிஞ்சும். கிளைசின் தன் நைட்ரஜனைத் தந்துவிட்டு விலக, புரோலின் அமைடாகும். இதில் புதிதாக ஒன்று உண்டு: தலைப்பக்கம் உள்ள குளூட்டமினை இன்னொரு நொதி வளையமாக மடித்து பைரோகுளூட்டமேட் ஆக்கும். கிடைத்திருப்பது டிஆர்எச், தைராய்டு சுரப்பை மேலிருந்து இயக்கும் ஹார்மோன். மூன்றே அமினோ அமிலங்கள். தலையும் வாலும் மூடப்பட்டவை. மனிதரின் முன்னோடிப் புரதத்தில் இதே துண்டு 6 முறை வருகிறது. ஆகவே ஒரு சங்கிலியை வெட்டினால் ஆறு ஹார்மோன் மூலக்கூறுகள் வரை கிடைக்கும்.