பெரிய வண்டி இல்லாமல் பெரிய சாமானை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி

அலமாரியோ சோபாவோ காரில் போகாது என்று முடிவு கட்டும் முன் இரண்டு அளவுகளைப் பாருங்கள். ஒன்று, கழற்றிய பிறகு மிஞ்சும் மிகப் பெரிய துண்டின் அளவு. மற்றொன்று, அந்தத் துண்டு நுழைய வேண்டிய வழிகளில் மிகக் குறுகலானது. முழுச் சாமானின் நீள அகலத்தை வைத்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகப் போகிறது.

காரில் டிக்கிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைவிட டிக்கியின் வாய் எவ்வளவு என்பதே முக்கியம். ஹேட்ச்பேக்கில் அந்த வாய் மேலே போகப் போகக் குறுகும். அடியில் நுழையும் பலகை மேலே இடிக்கும். அகலம், உயரம், மூலைக்கு மூலை என மூன்றையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பின் சீட்டை மடித்து, முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டைச் சாய்த்துவிட்டு, டேஷ்போர்டிலிருந்து மூடிய பின் கதவு வரை உள்ள நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பக்கம் வாசல், படிக்கட்டுத் திருப்பம், லிஃப்ட் ஆகியவற்றை அளக்க வேண்டும். திறந்து நிற்கும் கதவின் தடிமனே 3 முதல் 4 செ.மீ. வரை வழியை அடைத்துக்கொள்ளும். கீல் ஆணியை உருவிக் கதவை எடுத்துவிட்டால் அந்த இடம் திரும்பக் கிடைக்கும்.

சோபாவுக்கு இன்னொரு அளவு உண்டு. பக்கவாட்டில் நின்று பார்த்து, சாய்மானத்தின் உச்சியிலிருந்து கைப்பிடியின் முன்முனை வரை ஒரு நேரான குச்சியை வையுங்கள். குச்சியிலிருந்து சோபாவின் பின்பக்கக் கீழ் மூலை வரை செங்குத்தாக அளந்து வரும் எண், வாசல் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால் சாய்த்துத் திருப்பி உள்ளே கொண்டுபோய்விடலாம். அலமாரியைப் பொறுத்தவரை நிமிர்த்தும் உயரத்தைப் பாருங்கள். 230 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்து நிமிர்த்த, ஏறக்குறைய 238 செ.மீ. வேண்டும். அறையின் உட்கூரை அதைவிடத் தாழ்வு என்றால் கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

எடையையும் முன்கூட்டியே கணக்கிடலாம். மரத்தூளை அழுத்திச் செய்த 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ. கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. அதன்படி 150 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன் உள்ள மேசைக் கண்ணாடி 34 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஒருவர் தனியாகத் தூக்குகிற பொருள் அல்ல அது.

கழற்றுவது

4, 5, 6 மி.மீ. ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி), நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்ன ஸ்பேனர் இருந்தால் பெரும்பாலான சாமான்களுக்குப் போதும். ஒவ்வொரு மூட்டையும் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுங்கள். டிராயர், தட்டு, கதவு, கால் என்ற வரிசையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். பலகைகளை இழுத்துப் பிடிக்கும் வட்டமான கேம் லாக்கை இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்பினாலே விடும். விடாவிட்டால் பலகையின் பாரம் அதன்மேல் இருக்கிறது என்று அர்த்தம். பலகையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு திருப்புங்கள். நெம்பினால் துளையைச் சுற்றி போர்டு பெயர்ந்துவிடும், அதன்பின் அந்த மூட்டு பிடிக்காது.

அலமாரியின் முதுகில் அடித்திருக்கும் மெல்லிய ஹார்ட்போர்டைக் கழற்றுவது என்றால், உடலையும் முழுதாகப் பிரித்துவிட வேண்டும். கூடு கோணாமல் நிற்பதே அந்தப் பலகையால்தான். அது இல்லாத கூட்டைத் தூக்கினால் சாய்ந்து மூட்டுகள் பிய்ந்துவிடும்.

போல்ட், வாஷர் எல்லாவற்றையும் மூட்டு வாரியாகத் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடத்தினுடையது என்று எழுதி வையுங்கள். பாலிஷ் போட்ட மரத்தில் டேப் ஒட்டாதீர்கள். முதலில் போர்வை சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றுவதே சரி. மரத்தின்மேல் நேராகச் சுற்றினால் வெயிலில் ஈரம் உள்ளே தங்கிப் பாலிஷ் வெளுக்கும்.

காருக்குள் வைப்பது

கனமான பலகை அடியில், முன் சீட்டின் முதுகை ஒட்டி இருக்கட்டும். கண்ணாடியைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, இருபுறமும் போர்வை கொடுங்கள். படுத்திருக்கும் கண்ணாடி ஒவ்வொரு குழியிலும் நடுவில் வளைந்து உடையும். நீளப் பலகை முன்னால் வரை நீண்டால் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. கியர், பக்கக் கண்ணாடி இரண்டும் மறையாதபடி வைத்து, சீட் பெல்ட்டால் கட்டுங்கள். திடீர் பிரேக்கில் கட்டாத பலகை முன்னால் பாயும்.

பின் கதவு மூடாவிட்டால் புகைக்குழாயின் புகை உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. எனவே மூடாத கதவோடு போவதைத் தவிருங்கள். வேறு வழியே இல்லையென்றால் முன் ஜன்னல்களைத் திறந்து, ஃபேனை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் முழு வேகத்தில் வையுங்கள். வெளியே நீட்டும் முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள். இருட்டினால் சிவப்பு விளக்கு வேண்டும். நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையக் கூடாது. எவ்வளவு நீட்டலாம் என்பது ஊருக்கு ஊர் சட்டப்படி மாறும்.

கூரையில் ஏற்றுவது

விபத்துக்கு அதிகம் இடம் தருவது இதுதான். கார் கையேட்டில் கூரைச் சுமை எவ்வளவு என்று பாருங்கள். பல கார்களுக்கு 50 முதல் 75 கிலோ வரைதான். கூரைமேல் பொருத்தும் கம்பிச் சட்டமான கேரியரின் எடையும் அதில் அடக்கம். கேரியர் இல்லாத கூரையில் போர்வை விரித்து வைத்தாலும் தகடு ஒடுங்கும்.

சாமானைக் கீழே அமுக்கிப் பிடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காற்று அதை மேலே தூக்கப் பார்க்கிறது. வேகம் 40-லிருந்து 80 கி.மீ. ஆனால் காற்றின் விசை நான்கு மடங்காகும். 80 கி.மீ. வேகத்தில், எதிர்ப்படும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். மெத்தையைக் கூரையில் போட்டு, ஜன்னல் வழியே கையால் பிடித்துக்கொண்டு போவது ஏன் ஆபத்து என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஃபோம் மெத்தையைச் சுருட்டிக் காருக்குள் வையுங்கள். ஸ்பிரிங் மெத்தையை மடித்தால் விளிம்புக் கம்பி வளைந்து நிமிராது. அதற்குச் சின்ன சரக்கு வண்டியே நல்லது.

மேசை என்றால் மேற்பலகை கீழே, கால்கள் மேலே. அலமாரிக் கூட்டின் திறந்த பக்கம் கீழே இருக்க வேண்டும், முன்னால் பார்த்து இருக்கவே கூடாது. இரண்டு ராட்செட் பெல்ட்டை (கைப்பிடியால் முடுக்கி இறுக்கும் பட்டை) குறுக்கே கேரியர் கம்பியோடு சேர்த்துக் கட்டி, மூன்றாவதை முன்முனையிலிருந்து பம்பரின் இழுவைக் கொக்கிக்கு இறக்குங்கள். காற்று முதலில் தூக்குவது முன்முனையைத்தான். நைலான் கயிறு இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும்; பாலியெஸ்டர் பெல்ட் அந்த அளவுக்கு இழுபடாது. பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் காற்றில் அதிர்ந்து இரையாது. மூலைகளில் மடித்த அட்டை வையுங்கள். புறப்பட்ட 5 நிமிடத்தில் நிறுத்திக் கட்டைச் சரிபாருங்கள், சாமான் அமர்ந்து பெல்ட் தளர்ந்திருக்கும். 50 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள்.

தூரம் ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் காரே வேண்டாம். காற்றடித்த ரப்பர் சக்கரம் உள்ள ட்ராலியில் பெல்ட் போட்டுத் தள்ளிப்போகலாம். சின்னக் கெட்டிச் சக்கரம் சாலை வெடிப்பில் மாட்டிக் கவிழ்க்கும். இருசக்கர வண்டியில் அகலப் பலகை ஏற்றவே வேண்டாம். பக்கக் காற்று ஹேண்டிலைத் திருப்பிவிடும்.

படியில் பலசாலி கீழே நிற்கட்டும், பாரம் அவர் பக்கம்தான் சாயும். வீட்டில் பூட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கை இறுக்கத்தில் மட்டும் போடுங்கள். மூலைக்கு மூலை அளந்து இரு பக்கமும் சமமாக வந்த பிறகு ஒவ்வொன்றாக முழுதும் முடுக்கி, உயரமான அலமாரியைச் சுவரோடு பிராக்கெட் வைத்து இணைத்துவிடுங்கள்.