.357 மேக்னம் ரிவால்வருக்கு மென்மையான தோட்டாக்களைக் கையால் நிரப்புதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

மேக்னம் ரிவால்வரைப் புதிதாக வாங்கிய பலர், முதல் பெட்டித் தோட்டாக்களைச் சுட்டு முடிப்பதற்குள்ளேயே ஒரு தீய பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். விசையை அழுத்தும் கணத்துக்குச் சற்று முன்பே, வரப்போகும் உதைப்பை எதிர்பார்த்துக் கை இறுகுகிறது. துப்பாக்கியின் முனை தாழ்கிறது. குண்டு இலக்குக்குக் கீழே போகிறது. அதே துப்பாக்கியில், உதைப்புக் குறைந்த, அதாவது மென்மையான, தோட்டாக்களைப் போதிய அளவு சுட்டுப் பழகினால்தான் இந்தப் பழக்கம் விலகும் என்பது என் உறுதியான கருத்து. அத்தகைய தோட்டாக்களை நான் வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் முறையை இங்கே விளக்குகிறேன்.

அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தோட்டா நிரப்புவதற்குக் கூட்டரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், இந்தக் குறிப்பு அமெரிக்காவில் வாழும் நண்பர்களுக்கு மட்டுமே பயன்படும். பிரெஸ்ஸை (உறையையும் குண்டையும் அழுத்திப் பொருத்தும் கருவியை) மேசையில் பொருத்துவது, தராசைச் சரிபார்ப்பது போன்றவற்றை நீங்கள் ஏற்கெனவே அறிந்திருப்பீர்கள் என்று கொள்கிறேன். வெடிமருந்தின் எடைகளை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. எடையை மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையிலிருந்துதான் எடுக்க வேண்டும். வேறொருவர் எழுதிவைத்த எண்ணை, அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், நம்பக் கூடாது.

.38 ஸ்பெஷல் இருக்கும்போது இது எதற்கு?

.357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். 1935இல் மேக்னம் அறிமுகமானபோது, பழைய .38 துப்பாக்கிகளுக்குள் அது நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அதன் உறையை (மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோகக் குழாயை) நீளமாக்கினார்கள். ஸ்பெஷல் உறையின் நீளம் 1.155 அங்குலம், மேக்னம் உறையின் நீளம் 1.290 அங்குலம். அந்த 0.135 அங்குல வேறுபாடுதான் நம் சிக்கல். குட்டையான தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால், சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் உறையின் வாய்க்கு முன்னால் கரியும் ஈயமும் வளையமாகப் படிகின்றன. பிறகு மேக்னம் தோட்டாவை இட்டால் முழுதாக உள்ளே போவதில்லை. வலிந்து தள்ளிச் சுட்டால் உறை அந்த வளையத்தில் இறுகிக்கொள்ளும். மேக்னம் உறையிலேயே மென்மையான தோட்டாவை நிரப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

எவ்வளவு மென்மை வேண்டும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 158 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டுள்ள தொழிற்சாலை மேக்னம் தோட்டாவுக்கு வினாடிக்கு 1,235 அடி அளவிலான வேகம் குறிக்கப்படுகிறது. அதே எடையுள்ள ஈயக் குண்டுடைய சாதாரண .38 ஸ்பெஷலுக்கு 755 அடி அளவு. இவ்விரண்டுக்கும் இடையில், 800 முதல் 900 அடி வரையிலான வேகமே பயிற்சிக்கு ஏற்றது என்பது என் அனுபவம். அதற்கும் கீழே போகும் ஆசை தொடக்கநிலையினருக்கு வேண்டாம்.

மருந்தைத் தேர்ந்தெடுத்தல்

முழு வலுவுள்ள மேக்னம் தோட்டாவுக்கு உரிய மருந்தையே கொஞ்சம் குறைத்துப் போட்டால் போதும் என்று நினைப்பது இயல்பு. அந்த எண்ணம் ஆபத்தானது. ஹாட்ஜ்டன் எச்110, வின்செஸ்டர் 296 ஆகிய இரண்டும் ஒரே மருந்துதான். மெதுவாக எரியும் இம்மருந்து, உறை ஏறத்தாழ நிறைந்து, அழுத்தமும் உயர்ந்திருந்தால்தான் ஒழுங்காக எரியும். அட்டவணையில் உள்ள அளவை 3 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். குறைத்தால் மருந்து முழுதாக எரியாமல், குண்டு பேரலுக்குள்ளேயே நின்றுவிடக்கூடும். ஆகவே மென்மையான தோட்டாவுக்கு வேறு மருந்து வேண்டும். விரைவாக எரிந்து, குறைந்த அழுத்தத்திலும் சீராக இருக்கும் மருந்து வேண்டும்.

ஹெச்பி-38 (வின்செஸ்டர் 231 என்ற பெயரில் விற்பதும் இதுவே), யூனிக், புல்ஸ்ஐ, டைட்குரூப் ஆகியவை இந்த வகையில் பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றுள் நான் விரும்புவது யூனிக். மருந்தை அளந்து விடும் அளவைக் கருவியில் அது சீராக விழுவதில்லை என்ற குறை உண்மைதான். ஆனால் அது பருமனான மருந்து, உறைக்குள் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் நிற்கும். டைட்குரூப் மிகச் சிக்கனமானது. அந்தச் சிக்கனமே புதியவருக்குப் பகை, ஏனெனில் அதன் ஒரு பங்கு மேக்னம் உறையின் அடியில் எங்கோ கிடக்கும். இந்த வேலைக்கென்றே அமைந்ததைப் போன்ற டிரெயில் பாஸ், நடுவில் துளையுள்ள மணிகளைக் கொண்டு உறையை நன்றாக நிரப்பும். ஆனால் இப்போது கடைகளில் அதைக் காண்பது அரிது. பழைய கையிருப்பு கிடைத்தால், எக்காரணம் கொண்டும் குண்டால் அதை அழுத்தி நசுக்காதீர்கள்.

குண்டு

செம்புத் தகடு போர்த்திய குண்டுகளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அவை பேரலின் வரிப்பள்ளங்களில் அதிகமாக உராய்வதால், குறைந்த அழுத்தத்தில் நடுவழியில் சிக்க வாய்ப்புண்டு. ஈயக் குண்டு, அல்லது பாலிமர் பூசிய ஈயக் குண்டு நல்லது. விட்டம் 0.358 அங்குலம் இருக்கட்டும். கடினமான ஈயம்தான் சிறந்தது என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். மென்மையான தோட்டாவில் அது தலைகீழ். அழுத்தம் குறைவாக இருப்பதால் கடினமான குண்டின் அடிப்பகுதி விரிந்து பேரலை அடைப்பதில்லை. வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரித்துப் பேரலில் பூசிவிடுகிறது. மிதமான கடினத்தன்மையுள்ள 158 கிரெய்ன் செமி-வாட்கட்டர் (தட்டை முனையுள்ள) குண்டே என் தேர்வு. அடியில் குழிவுள்ள 148 கிரெய்ன் வாட்கட்டரும் துல்லியமானதே. ஆனால் அதை மேக்னம் வேகத்துக்கு அருகில் கொண்டுபோனால் அதன் குழிவைச் சுற்றியுள்ள மெல்லிய பாவாடை கிழிந்து பேரலில் தங்கிவிடும்.

உறையை ஆயத்தம் செய்தல்

உறைகளைத் தூய்மைப்படுத்தி, கார்பைடு டையில் (பிரெஸ்ஸில் பொருத்தும் அச்சில்) அளவுக்குக் கொண்டுவந்து, பழைய பிரைமரை (உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) நீக்குங்கள். புதிய பிரைமரை உறையின் அடித்தளத்துக்குச் சற்றே உள்ளே இருக்கும்படி அழுத்தி, விரலால் தடவிப் பாருங்கள். தட்டினால் அது உயர்ந்து நிற்கிறது என்று பொருள். மேற்சொன்ன விரைவு மருந்துகளுக்குச் சாதாரணச் சிறிய பிஸ்டல் பிரைமர் போதும். எனினும் அட்டவணை எந்தப் பிரைமரைச் சொல்கிறதோ அதையே இடுங்கள்.

உறையின் வாயை விரிக்கும் கட்டத்தில் கவனம் தேவை. பல டை தொகுப்புகளில் வரும் விரிப்பான், செம்புத் தகடு போர்த்திய குண்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஈயக் குண்டுக்கு அது போதிய அகலம் தருவதில்லை. உள்ளே செல்லும்போது ஈயம் வழிக்கப்பட்டு, குண்டின் விட்டம் குறைந்துவிடும். லைமன் நிறுவனத்தின் எம் டை இதற்குச் சிறந்த தீர்வு. படி வைத்தாற்போல் விரிப்பதால் குண்டு நேராக அமர்கிறது.

மருந்து இடுதல்

இந்தச் செய்முறையின் இதயம் இதுவே. மேக்னம் உறை பெரியது. மென்மையான தோட்டாவுக்கான மருந்து அதில் சிறு பகுதியைத்தான் அடைக்கும். தவறுதலாக இரண்டு முறை மருந்து விழுந்தாலும் உறை வழியாது. குண்டு வழக்கம்போல் அமரும். வெளியிலிருந்து எந்த அடையாளமும் தெரியாது. அந்தத் தோட்டாவைச் சுட்டால் சிலிண்டர் பிளந்துவிடலாம். மருந்தே விழாத உறையும் ஆபத்தானதே. பிரைமரின் வலு மட்டுமே குண்டைப் பேரலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். அடுத்த தோட்டா அதன் பின்னால் மோதும்.

எனவே தொடக்கநிலையினர் தானாகச் சுழலும் புரோகிரசிவ் பிரெஸ்ஸைத் தவிர்த்து, ஒற்றை நிலை பிரெஸ்ஸில் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாவே இருக்கட்டும். ஐம்பது குழிகளுள்ள லோடிங் பிளாக்கில் பிரைமர் இட்ட உறைகளை எல்லாம் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். ஒன்றை எடுத்து, அளவைக் கருவியின் கீழே பிடித்து மருந்தை வாங்கி, வாய் மேல்நோக்கி வேறொரு பிளாக்கில் வையுங்கள். கவிழ்ந்திருப்பவை காலி, நிமிர்ந்திருப்பவை நிரம்பியவை என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தால் குழப்பம் வராது. இடையில் யாராவது அழைத்தால், கையிலுள்ள உறையின் மருந்தை மீண்டும் அளவைக் கருவிக்குள் கொட்டிவிட்டு எழுந்திருங்கள். முதல் சில அளவுகளையும், அதன்பின் பத்துக்கு ஒன்றையும் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

ஐம்பதும் நிரம்பியபின், சிறு டார்ச் ஒளியைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு வரிசையாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் மருந்தின் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். மெல்லிய மரக்குச்சி ஒன்றில் சரியான ஆழத்தைக் கோடிட்டு வைத்துக்கொண்டு, ஐயமுள்ள உறைக்குள் விட்டு ஒப்பிடலாம். இந்தப் பார்வையை முடிக்காமல் ஒரு குண்டைக்கூட மேலே வைக்காதீர்கள். காலியிடத்தை நிரப்புவதற்காகப் பஞ்சையோ வேறு பொருளையோ திணிக்கும் பழைய வழக்கத்தையும் பின்பற்ற வேண்டாம்.

குண்டைப் பொருத்துதல்

குண்டை உரிய ஆழத்துக்கு இறக்குவதையும், உறையின் வாயை மடித்து இறுக்கும் கிரிம்ப்பையும் தனித்தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே வீச்சில் செய்தால் உறையின் வாய் ஈயத்தைச் சீவிவிடும். குண்டிலுள்ள பள்ளத்துக்குள் உறுதியான ரோல் கிரிம்ப் விழட்டும். மென்மையான தோட்டாதானே என்று தளர விடக் கூடாது. குண்டு சிறிது நேரம் பிடிபட்டு நின்றால்தான் மருந்து சீராகப் பற்றும். கார்பைடு வளையமுள்ள ஃபேக்டரி கிரிம்ப் டையைப் பலர் புகழ்கிறார்கள். ஈயக் குண்டுக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை, ஏனெனில் அது வெளியிலிருந்து உறையை நெருக்கி, உள்ளிருக்கும் குண்டையும் சிறுத்துவிடக்கூடும்.

ரேஞ்சில் சோதித்தல்

முதலில் அட்டவணையின் தொடக்க அளவில் சில தோட்டாக்களை மட்டும் நிரப்பி, வேகமானி வைத்துச் சுடுங்கள். துப்பாக்கியின் முனையை மெல்ல உயர்த்திப் பின் கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்து சில தோட்டாக்களையும், முனையைத் தாழ்த்திப் பின் உயர்த்திச் சில தோட்டாக்களையும் சுட்டு வேகங்களை ஒப்பிடுங்கள். முதல் முறையில் மருந்து பிரைமருக்கு அருகிலும், இரண்டாவதில் குண்டுக்கு அருகிலும் கிடக்கும். வேகங்கள் வெகுவாக வேறுபட்டால், அந்த மருந்து இவ்வளவு பெரிய உறைக்கு ஏற்றதன்று, வேறொன்றை நாடுங்கள்.

வழக்கத்துக்கு மாறாக ஒலி மெலிந்து, உதைப்பும் குறைந்தால் உடனே நிறுத்துங்கள். முனையைக் குறித் திசையிலேயே வைத்து 30 வினாடிகள் காத்திருந்து, பிறகு சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களை அகற்றிப் பேரலுக்குள் பாருங்கள். ரிவால்வரில் சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியே வாயு சற்று வெளியேறுவதால், குண்டு நின்றுபோகும் வாய்ப்புச் சற்றுக் கூடுதலே.

பின்னர் சேர்த்தது

இம்முறையில் நிரப்பிய நண்பர்கள் சிலர், சில தோட்டாக்களுக்குப்பின் சிலிண்டர் சுழலாமல் இறுகுவதாகக் கூறினார்கள். அவர்கள் சுட்ட உறைகளைப் பார்த்தபோது பிரைமர்கள் வெளியே துருத்தி நின்றன. தோட்டா வெடிக்கும்போது பிரைமர் முதலில் பின்னோக்கி நகர்கிறது. பிறகு அழுத்தம் உறையைப் பின்னால் தள்ளி அதை மீண்டும் உள்ளே அமர்த்துகிறது. அழுத்தம் மிகக் குறைந்தால் அந்த இரண்டாம் நகர்வு நிகழாது. அட்டவணையின் தொடக்க அளவுக்குக் கீழே போயிருந்ததே காரணம். அந்த அளவுக்கு உயர்த்தியதும் சிலிண்டர் தடையின்றிச் சுழன்றது.

இன்னொருவர் அடையாளமிடுவது பற்றிக் கேட்டார். மென்மையான தோட்டாவும் முழு வலுவுள்ள தோட்டாவும் வெளியில் ஒன்றுபோலவே இருக்கும். நிக்கல் பூசிய வெள்ளி நிற உறைகளை மென்மையானவற்றுக்கும் பித்தளை உறைகளை முழு வலுவுள்ளவற்றுக்கும் நான் ஒதுக்கியிருக்கிறேன். பெட்டியின் மேல் மருந்தின் பெயர், எடை, குண்டு, பிரைமர், நிரப்பிய தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டுகிறேன். வேலை முடிந்ததும் கைகளைக் குளிர்ந்த நீரில் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஈயத் தூளுள்ள அந்த மேசையில் உணவையோ காப்பியையோ வைக்காதீர்கள்.