ஆடியோ சிஸ்டத்துக்குப் புது சாக்கெட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கியாகிவிட்டால் அடுத்து பலருடைய கண் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் மேல்தான் போகிறது. ‘ஆடியோ கிரேடு’, ‘ஹாஸ்பிட்டல் கிரேடு’ என்று பெயரிட்டு, சாதாரண சாக்கெட்டைப்போலப் பல மடங்கு விலையில் விற்கிறார்கள். சாக்கெட்டை மாற்றுவதில் தவறே இல்லை. தளர்ந்து ஆடுகிற பழைய சாக்கெட்டைக் கட்டாயம் மாற்றத்தான் வேண்டும். ஆனால் காசு போகிற இடமும் பிரச்சினை இருக்கிற இடமும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கின்றன.

முதலில், ஆபத்தான தவறு. ஆடியோ உலகில் பெயர்பெற்ற சாக்கெட்டுகளில் பல, தட்டையான பின் செருகும் அமெரிக்க வடிவத்தில் வருபவை. அமெரிக்க சாக்கெட் தரமான நெமாவின் பெயரில், நெமா 5-15, 5-20 என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், ஜப்பானில் 100. அந்த வடிவத்துக்கு வகுத்த அளவே 125 வோல்ட்தான். நம் வீட்டுக்கு வருவது 230. “எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று பலர் சொல்வார்கள். மாட்டிய அன்றே வெடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த சாக்கெட்டைச் சோதித்துச் சான்று கொடுத்தவர்கள் 230 வோல்ட்டுக்குக் கொடுக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் தன் 120 வோல்ட் சாதனத்தை அதில் செருகினால், பொருந்துகிறது என்ற நம்பிக்கையில்தான் செருகுவார். அது அங்கேயே கருகிவிடும். அப்புறம், நம் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் வழக்கமாக இருக்கும் சுவிட்சும் அதில் கிடையாது.

‘ஹாஸ்பிட்டல் கிரேடு’ என்பதும் இப்படித் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் பெயர். அமெரிக்க மருத்துவமனைகளில் பச்சைப் புள்ளி வைத்த சாக்கெட்டுகள் இருக்கும். பிளக்கைத் திரும்பத் திரும்பப் பிடுங்கிச் செருகினாலும், இடித்தாலும் பிடி தளராது, எர்த் விட்டுப்போகாது என்பதற்கான கூடுதல் சோதனைகளில் தேறியவை அவை. ஒலிக்கும் அந்தப் புள்ளிக்கும் தொடர்பில்லை. மின்சாரத்தைச் சுத்தப்படுத்தும் பொருள் எதுவும் அதற்குள் இல்லை.

நமக்கு வேண்டியது பிளக், சாக்கெட்டுகளுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1293-இன்படி, ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் வரும், பிடி இறுக்கமான இந்திய சாக்கெட். 6 ஆம்ப்ஸா, 16 ஆம்ப்ஸா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சேனலுக்கு 100 வாட் தருகிற ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் முழு மூச்சில் ஓடி 500 வாட் இழுத்தாலும், 230 வோல்ட்டில் அது 2 ஆம்பியரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 6 ஆம்ப்ஸ் சாக்கெட்டே தாராளம். பெரியது நல்லது என்று 16 ஆம்ப்ஸ் சாக்கெட் போட்டுவிட்டு, அதில் 6 ஆம்ப்ஸ் பிளக்கைச் செருகுவதுதான் இங்கே நடக்கும் தவறு. சின்ன பிளக்கின் பின் சுமார் 5 மி.மீ. தடிமன், பெரியது சுமார் 7 மி.மீ. இரண்டையும் ஏற்கும் சாக்கெட்டுகள் பலவற்றில் சின்ன பின் லொடலொடவென்று நிற்கும். 16 ஆம்ப்ஸ்தான் வேண்டுமென்றால் பவர் கார்டின் பிளக்கையும் 16 ஆம்ப்ஸாக மாற்றுங்கள். எல்லா நாட்டு பிளக்கும் பொருந்தும் ‘இன்டர்நேஷனல்’ சாக்கெட்டை ஆடியோ பக்கமே கொண்டுவராதீர்கள். எல்லாவற்றையும் ஏற்கும் ஓட்டை எதையும் இறுக்கிப் பிடிப்பதில்லை.

தங்க முலாமா, ரோடியம் முலாமா என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். முலாம் துருவையும் கறையையும் தடுக்கும், கடற்கரையை ஒட்டிய வீடுகளில் அது உண்மையிலேயே பயன். பின்னைக் கவ்வுவது அடியில் இருக்கும் உலோகத்தின் வில்விசை. சுத்தமான செம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தினாலும் மென்மையானது, நாளடைவில் விரிந்துவிடும். பாஸ்பர் பிரான்ஸ் என்ற வெண்கல வகை உலோகம் அந்த வேலைக்கு ஏற்றது. ‘200 மணி நேரம் ஓடினால்தான் சாக்கெட் பழகி ஒலி திறக்கும்’ என்பதை நான் ஏற்பதில்லை. அந்த மின்சாரம் சுவருக்குள் எத்தனையோ மீட்டர் சாதாரண வயரில் ஓடிவந்து, ஆம்ப்ளிஃபயருக்குள் நேர்மின்சாரமாக (டி.சி.) மாறிய பிறகுதான் ஒலிக்கே உதவுகிறது.

நிஜமான கோளாறுகள் சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் இருக்கின்றன. போர்டைக் கழற்றிப் பாருங்கள்: மெயினை நிறுத்திவிட்டு, வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டு. டெர்மினலில் நுழையவில்லை என்று வயரின் இழைகளில் நாலைந்தை நறுக்கிவிட்டிருப்பார்கள். ஒரே திருகின் கீழ் மூன்று வயர் திணித்திருப்பார்கள். சுவிட்சிலிருந்து சுவிட்சுக்கு மெல்லிய வயரில் லூப் அடித்து, அதே லைனில் ஃபேனும் டியூப் லைட்டும் ஓடும். இதன் முனையில் எவ்வளவு விலையுயர்ந்த சாக்கெட்டை மாட்டி என்ன பயன்? லூஸ் காண்டாக்ட் ஒன்றின் தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரின் 2 ஆம்பியருக்கு அங்கே அரை வாட் வெப்பம்கூட வராது. அதே பாயிண்ட்டில் 2,000 வாட் வாட்டர் ஹீட்டரைச் செருகினால் ஏறக்குறைய 8 வாட் வெப்பம் அந்தச் சின்ன இடத்தில் சேரும். பிளாஸ்டிக் பழுப்பேறும், உலோகம் வில்விசையை இழக்கும். ஆடியோ பாயிண்ட்டை ஹீட்டருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

சாக்கெட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் வீட்டு மின்சாரத்தைப் பல லைன்களாகப் பிரிக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து தனி லைன் ஒன்று இழுக்கலாம். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் தனியாக, மின்னோட்டம் அளவு மீறினால் தானாக டிரிப் ஆகும் தனி எம்.சி.பி. சுவிட்சோடு. பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபயர் ஆன் ஆகும் கணத்தில் மிக அதிக மின்னோட்டத்தை இழுக்கும். ‘பி’ வகை எம்.சி.பி. அப்போது டிரிப் ஆகலாம், ‘சி’ வகை பெரும்பாலும் அதைத் தாங்கும். இன்னொன்றையும் பாருங்கள்: நம் ஊர் வீடுகளில் ஹால் பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருப்பது சகஜம். இன்வெர்ட்டர், மின்சாரத்தைச் சீரான அலையாகத் தராமல் சதுர அலையாகத் தரும் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால், கரண்ட் போன நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் இரைவது சாக்கெட்டின் குற்றமல்ல.

ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஹம் வருகிறதென்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது, அல்லது இரண்டு பின் அடாப்டர் போடுவது, மன்னிக்க முடியாத தவறு. உள்ளே இன்சுலேஷன் பழுதானால் உலோகப் பெட்டி முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். ஹம்முக்குப் பெரும்பாலும் காரணம் கிரவுண்ட் லூப், அதாவது ஒன்றோடொன்று இணைத்த சாதனங்களுக்கு எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் வந்து வளையமாவது. கேபிள் டி.வி. வயரைக் கழற்றிப் பாருங்கள், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். எதைக் கழற்றினால் ஹம் நிற்கிறதோ அந்த இணைப்பில், சிக்னலை மட்டும் விட்டு எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் போட்டால் சரி. ஆடியோ சாதனங்கள் எல்லாம் ஒரே லைனில் இருப்பதும் உதவும். மூன்று பேஸ் வீட்டில் ஒன்றை ஒரு பேஸிலும் இன்னொன்றை வேறு பேஸிலும் செருக வேண்டாம்.

புது சாக்கெட்டை மாட்டியதும், முன்னாலிருந்து பார்க்கையில் எர்த் மேலே, பேஸ் வலப்பக்கம், நியூட்ரல் இடப்பக்கம் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் குழியையும் நியூட்ரல் இணைப்பையும் பார்க்க ஆள் தேவை. அப்புறம் ஒரு மணி நேரம் பாட்டை ஓடவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், மெயினை நிறுத்திவிட்டு டெர்மினல் திருகுகளை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள்.