பெரிய கரடிக்கு எந்தத் தோட்டா? முத்தையன்கட்டு மாமாவின் பதில்

ஓகஸ்ட் லீவுக்குக் கனடாவிலிருந்து வரும் மருமக்களில் யாராவது ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு இதைக் கேட்காமல் போவதில்லை: "மாமா, கரடி வேட்டைக்குப் போகப்போறம். எந்தத் தோட்டா வாங்கலாம்?" எட்மன்ரனில் வேட்டைச் சாமான் கடையொன்றில் தோட்டாப் பக்கம் நின்று வேலைசெய்துவிட்டு, இப்போது முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறேன். அதனால்தான் கேள்வி என்னிடம் வருகிறது. எழுதி வைத்துவிட்டால் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம், வாய்க்கும் ஆறுதல்.

நம்மூர்க் கரடியை முதலில் மறந்துவிடுங்கள். பாலைப்பழக் காலத்தில் மரமேறுகிற, கறையான் புற்றைக் கிண்டி உறிஞ்சுகிற நம் கரடி நூறு கிலோவுக்கு முன்பின் நிற்கும். வனவிலங்குச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. அதற்குத் தோட்டா தேடுகிறவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கே கதை வேறு. கனடாக் காடுகளில் பரவலாக இருக்கும் கருங்கரடியில் நல்ல ஆண் இருநூறு கிலோவையும் தாண்டும். கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடி அதைவிடப் பெரிது. அலாஸ்காவின் கோடியாக் தீவுக் கரடியில் அறுநூறு கிலோவைத் தொடுவதும் உண்டு. ஒரே கடைத்தட்டில் இருந்தாலும் கருங்கரடிக்குப் போதுமான தோட்டா கோடியாக் கரடிக்குப் போதாது.

சட்டம் பற்றி இரண்டு வரி. துப்பாக்கி லைசென்ஸ் இல்லாமல் கனடாவில் தோட்டாவே விற்கமாட்டார்கள். கிரிஸ்லி வேட்டையை அல்பேர்ட்டா 2006இல் நிறுத்தியது, பிரிட்டிஷ் கொலம்பியா 2017 டிசம்பரில் தடைசெய்தது. அலாஸ்காவில் வெளிநாட்டுக்காரர் பெரிய மிருகம் எதைச் சுடவும் அங்கே லைசென்ஸ் பெற்ற வழிகாட்டி கூட இருக்க வேண்டும். ஆகவே உங்களில் பெரும்பாலானவர்களுக்கு "கரடி" என்றால் கருங்கரடிதான். யூக்கொன், அலாஸ்கா என்று காசு செலவழித்துப் போகிறவர்களையும் மனதில் வைத்தே மீதியை எழுதுகிறேன்.

வன்னியில் பிறந்தவனுக்கு என்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சண்டைக் காலத்தில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் 7.62 என்ற எண் தெரியும். வெற்றுக் கோது பொறுக்கி விளையாடாத பிள்ளை எங்கள் பக்கம் குறைவு. அந்தப் பழக்கத்தில் கடையில் மலிவாகக் கிடக்கும் 7.62×39 பெட்டியைக் கண்டதும், "இதுதானே ஆளையே வீழ்த்தினது, கரடியையும் வீழ்த்தும்" என்கிறார்கள். வீழ்த்தாது. சன்னம் என்பது தோட்டாவின் முனையிலிருந்து பறந்துபோகிற குண்டு. இராணுவச் சன்னம் ஈயத்தை முழுதாக மூடிய உலோகக் கவசத்தோடு வருவது. விரிகிற சன்னத்தைப் போரில் பாவிக்கக்கூடாது என்று 1899இலேயே ஹேக்கில் பிரகடனம் செய்தார்கள். வேட்டையில் அது தலைகீழ். விரியாத சன்னம் ஊசித்துளை போட்டுவிட்டு வெளியே போகும். மிருகம் ஓடிப்போய் எங்கோ ஒரு பற்றைக்குள் கிடந்து கஷ்டப்பட்டுச் சாகும், அல்லது தேடிவரும் உங்களுக்காகக் காத்திருக்கும். பல மாகாணங்களில் பெரிய மிருகங்களுக்கு முழுக்கவசச் சன்னம் சட்டப்படியும் கூடாது. சக்தியிலும் வித்தியாசம் பெரிது: 7.62×39 சுடும் ரி-56 துப்பாக்கியின் சன்னம் ஏறக்குறைய 8 கிராம், .30-06 என்ற வேட்டைத் தோட்டாவின் 180 கிரெயின் சன்னம் 11.7 கிராம். பின்னதுக்கு வேகமும் கூட. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

கிரெயின் என்பது சன்னத்தின் நிறையை அளக்கும் அலகு. ஒரு இறாத்தலுக்கு 7000 கிரெயின். பெட்டியில் அந்த எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும், எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது சன்னம் எப்படிச் செய்யப்பட்டது என்பதை. மானுக்கென்று செய்த மெல்லிய சன்னம் தோலுக்குள் போனதுமே சிதறிவிடும். மானுக்கு அது சரி, விலா மெல்லிசு. கரடிக்கு அடர்ந்த மயிர், அதன்கீழ் கொழுப்பு, பிறகு தடித்த தோள் தசை, எலும்பு. இவ்வளவையும் கடந்து நெஞ்சுக்குள் போய்ச் சேரவேண்டும். 1946இல் ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற பெரிய மான் ஒன்றைச் சுட்டார். சேறு காய்ந்து ஒட்டியிருந்த அந்தத் தோலில் அவருடைய சன்னங்கள் உள்ளே போகாமல் உடைந்தன. ஆள் வீடு திரும்பி, நடுவில் குறுக்குச் சுவர் வைத்த சன்னம் ஒன்றைச் செய்தார். முன்பாதி காளான் போல விரியும், பின்பாதி கட்டியாக நின்று உள்ளே தள்ளிக்கொண்டு போகும். பார்ட்டிஷன் என்ற அந்தச் சன்னம் 1948இல் விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. குளத்துச் சேற்றில் புரண்டு காய்ந்த பன்றியைக் கண்ட எங்களுக்கு அந்த மனிதரின் கஷ்டம் உடனே விளங்கும்.

இன்றைக்குத் தெரிவு மூன்று வகை. ஒன்று அந்தப் பார்ட்டிஷன். இரண்டாவது, ஈயத்தையும் செம்புக் கவசத்தையும் பிரியாமல் ஒட்டவைத்த சன்னம். மூன்றாவது, ஈயமே இல்லாத முழுச் செம்புச் சன்னம், பார்ன்ஸ் கொம்பனி 1989இல் கொண்டுவந்தது. செம்புச் சன்னம் நிறையை இழக்காமல் ஆழமாகப் போகும், ஆனால் ஈயத்தைவிட இலேசு. ஆகவே ஈயச் சன்னத்தில் 180 எடுப்பவர் செம்பில் 165 அல்லது 168 எடுத்தாலும் பரவாயில்லை. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயம் கூடாது, அங்கே இருக்கும் மச்சான்மாருக்கு வேறு வழியில்லை. எனக்கு விருப்பம் ஒட்டவைத்ததுதான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அது எல்லா ரைபிளிலும் பெரும்பாலும் ஒழுங்காகப் போகிறது.

இனி எண்கள். கருங்கரடிக்கு .308 அல்லது .30-06, சன்னம் 165இலிருந்து 180 கிரெயின். இதற்கு மேல் தேவையில்லை. கிரிஸ்லிக்கு .30-06 என்றால் 180க்குக் கீழே போகவேண்டாம், 200 அல்லது 220 நல்லது. கோடியாக் போன்ற பெரிய கரையோரக் கரடிக்கு .338 வின்செஸ்ரர் மக்னம், 225 அல்லது 250 கிரெயின். அல்லது 1912இலேயே வந்த .375 ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட், 300 கிரெயின். ஆபிரிக்க எருமைக்கே போகிற தோட்டா அது. கரடியைப் பெரும்பாலும் கிட்டத்தில்தான் சுடுவார்கள், நூறு மீற்றருக்குள்ளேயே பலதும் முடிந்துவிடும். எனவே தூரத்துக்கு என்று சொல்லி விற்கும் இலேசான, வேகமான தோட்டாவுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மக்னம் என்றால் மருந்து கூடிய, வலுவான தோட்டா. அந்தச் சொல்லைக் கேட்டதும் பெடியளுக்கு நாக்கில் தண்ணீர் ஊறும். .338இன் உதைப்பு .30-06ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ரேஞ்சில் முதல் வெடியோடு தோளைத் தடவுகிறவர், இரண்டாவது வெடிக்குக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பார். அப்படிச் சுட்ட .338ஐவிட, நிதானமாகச் சுட்ட .30-06 கரடிக்கு எவ்வளவோ ஆபத்து. உங்கள் தோளுக்கு எது தாங்குமோ அதுதான் உங்கள் தோட்டா.

எங்கே சுடுவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். கரடி பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுங்கள். முன்தோளை ஒட்டி, உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலே. தலையில் வேண்டாம், மண்டையோடு சரிவானது, தடித்தது. கொழுப்பும் மயிரும் இரத்தத்தை உறிஞ்சிவிடுவதால் தடம் பார்த்துப் போவது கடினம். மறுபக்கத்தாலும் துளைத்து வெளியேறுகிற சன்னம் வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது அதற்காகத்தான். விழுந்தால் சந்தோஷப்பட்டு நிற்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். அசைந்தால் திரும்பவும் சுடுங்கள்.

அப்பாவின் பன்னிரண்டு போர் (12 bore) துவக்கை நினைத்து, "எஸ்.ஜி. காணாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. எஸ்.ஜி. என்பது ஒரே தோட்டாவுக்குள் பல குண்டுகள் இருப்பது. வயலுக்கு வரும் பன்றிக்கு எஸ்.ஜி. சரி. அந்தக் குண்டுகள் பெரிய கரடியின் தோளுக்குள் போதிய ஆழம் போகாது. பன்னிரண்டு போரில் போவதென்றால் ஒற்றைக் குண்டு ஸ்லக், அதுவும் மெத்தென்ற ஈயத்தில் இல்லாமல் கடினமாக வார்த்த பிரெனக்கே வகை. வடக்கே முகாம்களில் வேலைசெய்பவர்கள் கரடிக் காவலுக்கு அதைத்தான் வைத்திருப்பார்கள்.

வாங்கும்போது இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, உங்கள் ரைபிளில் எது நெருக்கமாக விழுகிறது என்று நூறு யாரில் பாருங்கள். பிடித்ததில் ஒரே லொட் (ஒரே தொகுதியாகச் செய்தது) இலக்கப் பெட்டிகளாக வாங்கி, அதிலேயே குறியைச் சரிசெய்யுங்கள். மகசீனை நிரப்பி எல்லாத் தோட்டாவும் தடங்கலில்லாமல் ஏறுகிறதா என்று ரேஞ்சிலேயே பார்க்க வேண்டும். கடுங்குளிரில் வெடிமருந்தின் வேகம் கொஞ்சம் குறையும், ரைபிளின் போல்ட்டில் தடவிய எண்ணெய் இறுகிப்போகும். எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, ஊருக்கு வரும்போது எனக்குக் காட்டவென்று ஒரு தோட்டாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு வராதீர்கள். வெற்றுக் கோதுகூட வேண்டாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அகப்பட்டால் விளக்கம் சொல்லி முடிவதற்குள் லீவு முடிந்துவிடும். முல்லைத்தீவு வரை வந்துவிட்டாலும், இந்தப் பக்கம் சோதனைச்சாவடியில் பையைத் திறந்தால் கரடிக் கதையை யாரும் நின்று கேட்கமாட்டார்கள். போனில் படமெடுத்து அனுப்புங்கள், பெட்டியின் பக்கவாட்டு எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி. எனக்கு அது போதும்.